எரிந்தும் பழையது

தெசலோனிக்கி துறைமுக நகரின் புனித தெமெத்ரியோஸ் தேவாலயத்தை வெறும் நகல் என்று ஒதுக்குவோர் உண்டு. 1917-இன் பெருந்தீயில் அது எரிந்தது. கூரையும் பெரும்பகுதிக் கட்டுமானமும் 1949-க்குள் மீண்டும் எழுப்பியவை. பழமை எங்கே என்றால், முதலில் தீக்குத் தப்பிய சில மொசைக் ஓவியங்களைச் சொல்லலாம். ஒன்றில் இளைஞரான புனிதர் ஆயரையும் நகர ஆட்சியரையும் இருபுறம் நிறுத்தி, தோளில் கைபோட்டு நிற்கிறார்; அருளாளர் என்பதைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் போல!

ஆனால் இவற்றை மட்டும் நம்பி நான் வாதிடவில்லை. இந்த ஆலயம் 7-ஆம் நூற்றாண்டிலேயே எரிந்து புதுப்பிக்கப்பட்டது; ஒட்டோமான் ஆட்சியில் மசூதியாகவும் இருந்தது. 1949-ஐப் போலி என்பவர்கள் அந்த முதல் புதுப்பிப்பையும் போலி என்றாக வேண்டும். புதுச் செங்கல் சற்று விறைப்புதான், ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், மறந்துபோயிருந்த நிலவறையைக் காட்டிக்கொடுத்ததும் அதே 1917 தீதான்.