அழிந்துபோன மூன்றாவது எழுத்து

மறைமலைநகரில் நண்பர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது அந்தக் கிட்டார். தலைப்பலகையில் ஆறெழுத்து ஆங்கிலப் பெயர். மூன்றாவது எழுத்து மட்டும் அழிந்திருந்தது. 'பி' என்றால் கிப்சன், 1902-இல் அமெரிக்காவின் கலமசூவில் தொடங்கிய கம்பெனி. 'வி' என்றால் கிவ்சன், நம்ம கொல்கத்தா! நண்பருக்கு 'பி'தான், ஆசை யாரை விட்டது?

உள்ளே ஒட்டியிருந்த சீட்டைப் பூச்சி தின்றிருந்தது. ஒலித்துளையின் விளிம்பில் டார்ச் அடித்தேன். முழு மரமென்றால் மேற்பலகையின் ரேகை அப்படியே உள்ளே இறங்கும். இங்கே அப்பளக் கட்டுபோல அடுக்கடுக்காக ஒட்டுப்பலகை. டார்ச்சைத் தலைப்பலகைப் பக்கம் சாய்த்தேன். பாலிஷில் மெல்லிய தழும்பாக 'வி' தெரிந்தது.

நண்பர் பேசவில்லை. துருப்பிடித்த கம்பியை மீட்டினார். கரகரத்தாலும், நாதம் இருந்தது.