பகுவற் சித்திரம் கலையாகுமா?

கணிப்பொறியின் துணைகொண்டு நாள்தோறும் ஒரு சித்திரமேனும் ஆக்கி மகிழும் அன்பர் பலர் இந்நாளில் உலகெங்கும் உளர். பகுவல் என்று தமிழில் வழங்கும் கணித உருவங்களே அவர்தம் சித்திரங்களுக்கு மூலம். இவற்றைக் கலையெனக் கொள்ளலாமா, அன்றி யந்திரத்தின் விளையாட்டென ஒதுக்கலாமா என்னும் வழக்கை நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். 'பிராக்டல்' என்னும் பெயரை 1975-ஆம் ஆண்டில் அமைத்தவர் பெனுவா மாண்டெல்பிரோ. உடைந்தது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லே அதன் வேர். ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்க்கின் முழுமையின் சாயல் மீண்டும் மீண்டும் தோன்றுவதே இவ்வுருவங்களின் சிறப்பு. 1980-இல் அவர் ஆராய்ந்து, இன்று அவர் பெயராலேயே வழங்கும் உருவத்தின் விதி ஒரே வரியில் அடங்கும்: ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி, மாறாத வேறோர் எண்ணைக் கூட்டி, வந்த விடையை மறுபடியும் அவ்வாறே செய்க. சுழியத்தில் தொடங்கி ஒன்றைக் கூட்டிவரின் 1, 2, 5, 26 என விடை எல்லை கடந்து ஓடும். கழித்தல் ஒன்றைக் கூட்டிவரினோ −1, 0, −1, 0 என அடங்கி நிற்கும். தளத்தின் புள்ளி ஒவ்வொன்றிற்கும் இவ்வாறு கணக்கிட்டு, அடங்குவனவற்றைக் கரிய நிறத்தாற் குறித்தால் உருவம் பிறக்கிறது. எண்ணற்ற முறை செய்ய வேண்டியிருத்தலின் யந்திரம் வேண்டப்படுகிறது. வேறு மறைபொருள் ஒன்றுமில்லை.

இதனைக் 'கடவுளின் கைரேகை' எனப் புகழ்வாரும் உளர். நாம் அதனை ஒப்போம். காரணம் காட்டத்தக்க இடத்தில் அற்புதத்தைப் புகுத்துதல் அறிவிற்கு இழுக்கு. விதி தெரிந்ததனால் வியப்புக் குறைவதில்லை; யாரும் செய்து பார்க்கலாம் என்பதனால் அது பெருகவே செய்கிறது.

நிற்க. யந்திரமே எல்லாம் செய்யும்போது மனிதனுக்கு அங்கே என்ன வேலை என்பது எதிர்க்கட்சியாரின் வாதம். இதற்கு விடையாகக் கெர்ரி மிச்செல் என்பார் 1999-இல் ஓர் அறிக்கை எழுதினார். பகுவற் கலை தற்செயலாய் விளைவதன்று; உழைப்பும் அறிவும் வேண்டுவது; கணிப்பொறி உடையார் எவரும் நன்கு செய்துவிடத்தக்கதும் அன்று என்பது அவர் கொள்கை. இது சரியே. ஆயினும் இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. எல்லை கடந்தோடும் புள்ளிக்குக் கணிதம் தருவது, அஃது எத்தனை படியில் எல்லையைக் கடந்தது என்னும் எண்ணை மட்டுமே. அவ்வெண்ணுக்குப் பொன்னிறமோ நீலமோ தருபவன் மனிதன். முடிவற்ற பரப்பில் இந்த மூலையே போதுமென்று சட்டமிடுபவனும் அவனே. நாள் முழுதும் பேரேட்டில் எண்களைக் கூட்டும் தொழிலுடைய நாம் ஒன்று சொல்வோம்: கூட்டல் பிழையின்றி இருப்பதனால் மட்டும் கணக்கு நேர்மையாகிவிடாது, எதனை எந்தப் பத்தியில் எழுதினோம் என்பதற்கு எழுதியவனே பொறுப்பாளி. சித்திரத்திற்கும் அதுவே நியாயம்.

ஆகவே குற்றமும் அவனையே சாரும். நாளுக்கொன்று என்னும் பழக்கத்தால் கை தேர்கிறது; கண்ணோ சில வேளை உறங்கிவிடுகிறது. அதே சுருள், அதே வானவில் நிறம், அதே சங்கு வடிவம்! அள்ள அள்ளக் குறையாத பொருளில் அள்ளுவது திறமையன்று, தள்ளுவதே திறமை. நூறு ஆக்கித் தொண்ணூற்றொன்பதை அழிக்கத் துணிந்தவனையே நாம் கலைஞன் என்போம்.

இன்னொன்றும் கூறி முடிப்போம். புள்ளியிட்டு, விதி தவறாது கோடிழுத்து, சிறு வடிவைப் பெருவடிவாய் வளர்த்தெடுக்கும் தொழில் நம் பெண்களுக்குப் புதிதன்று. கோலமெல்லாம் பகுவல் என்று நாம் சாதிக்கவில்லை. சில கோலங்கள் அவ்வினத்தைச் சார்ந்தவை. சென்னையில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-இல் கோலத்தின் அமைப்பைக் கணிப்பொறி இலக்கணமாக வகுத்து வெளியிட்டனர். அறிஞர் ஆராயும் இலக்கணத்தைக் காலைதோறும் வாசலில் கையால் எழுதுகிறவளை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம்? திரையில் ஆக்குவோன் தன் பெயரைப் பொறிக்கிறான், கலைஞன் எனப்படுகிறான். அவள் செய்வதோ வீட்டுவேலை எனப்படுகிறது, உச்சிவேளைக்குள் மிதிபட்டு மறைகிறது, பெயருமில்லை, புகழுமில்லை. பெண்ணுக்கு அது கடமை. ஆணுக்கு இது பொழுதுபோக்கு! இவ்வேற்றுமையைப் படைத்தது கணிதமா, கலையா? இரண்டுமல்ல, நம் வழக்கமே.

பகுவற் சித்திரம் கலைதான். ஆனால் அதனைக் கலையென ஏற்கும் வாய், கோலத்தையும் கலையென்று கூறக் கடமைப்பட்டது. அதனைப் பெண்ணின் தலையிற் கட்டிய கட்டாயத்தை நீக்கி, விரும்பும் ஆணும் பெண்ணும் மாக்கிண்ணத்தைக் கையில் எடுக்கட்டும். கலையென்று ஒப்புக்கொண்டதற்கு அதுவே அடையாளம்.