பதினஞ்சு புள்ளி, எட்டுல நிறுத்து

வடிவியல் அரூப ஓவியம் பற்றித் தமிழில் யார் பேச ஆரம்பித்தாலும் இரண்டாவது நிமிடத்தில் ஒரு குரல் வந்துவிடும்: “இதெல்லாம் நம்ம கோலத்துலயே இருக்கே.” இந்த வாக்கியம் எனக்கு எரிச்சல். பொய் என்பதால் இல்லை. சொன்ன கையோடு ஓவியத்தையும் பார்ப்பதில்லை, கோலத்தையும் பார்ப்பதில்லை என்பதால்.

மோந்த்ரியான் 1930இல் வரைந்த சிவப்பு, நீலம், மஞ்சள் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலது மேல்பக்கம் பெரிய சிவப்புச் சதுரம். அதை இடது கீழ் மூலையில் ஒரு நீலமும், வலது கீழ் ஓரத்தில் துண்டு மஞ்சளும் தாங்கி நிற்கின்றன. மளிகைக்கடைத் தராசு மாதிரி. நடுவில் எதுவும் இல்லை. ஒரு கோட்டை இரண்டு விரற்கடை நகர்த்தினால் படமே சாய்ந்துவிடும். இந்தக் கட்டமைப்புக்கும் கோலத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

அப்படியானால் யந்திரமா? சோழமண்டலத்தின் கே.வி. ஹரிதாசன், பிந்து வரைந்த ரஸா இவர்களிடம் எல்லாமே மையத்துக்கு இழுக்கப்படும். வண்ணத்தில் இருவரும் கெட்டிக்காரர்கள். ஆனால் சமச்சீர் ஒரு சௌகரியமும்கூட. இடப்பக்கம் போட்டதை வலப்பக்கம் திருப்பிப் போட்டால் ஒரு கம்பீரம் தானாக வந்துவிடும். அதற்கு ‘தாந்திரிகம்’ என்று பெயர் வைத்ததும் விமர்சகர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மார்கழியில் சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டித் தெருக்களில் காலையில் நடந்தால் வேறொன்று தெரியும். “பதினஞ்சு புள்ளி, எட்டுல நிறுத்து, இடைப்புள்ளி” என்பது படம் இல்லை, கட்டளை. நடுவரிசையில் 15, மேலும் கீழும் 14, 13 என்று குறைந்து 8இல் நிற்கும். மொத்தம் 169 புள்ளி, ஓர் அறுகோணம். மையம் கடைசியில்தான் கண்ணுக்குப் படுகிறது. போடுகிறவருக்கு அது முதல் வரிசையின் எட்டாவது புள்ளி, அவ்வளவுதான். வாசல் குறுகலா? பதினொண்ணுல ஆரம்பிச்சு ஆறுல நிறுத்து. மோந்த்ரியானை இப்படிச் சுருக்க முடியாது.

சிக்குக் கோலம் இன்னும் கறார். கம்பி புள்ளியைத் தொடக் கூடாது, எந்தப் புள்ளியையும் விடக் கூடாது, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். நேர்ப்புள்ளியில் 5க்கு 6 வைத்து எங்கும் வெட்டாமல் பின்னினால் ஒரே கம்பியில் முடியும். 6க்கு 6 வைத்தால் ஆறு தனித்தனிக் கம்பிகள். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கம்பி. ஆறையும் ஒன்றாக்க எங்கே வெட்டி எங்கே வளைக்க வேண்டும் என்பதில்தான் போடுகிறவரின் புத்தி இருக்கிறது. ஒரு கோலத்தை நல்ல கோலம் என்று நான் சொல்வது இந்த வளைவுகளை வைத்துத்தான். வண்ணப்பொடியை வைத்து அல்ல.

இதை முதலில் மதித்தவர்கள் ஓவிய விமர்சகர்கள் இல்லை என்பது கொஞ்சம் வெட்கம்தான். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974இல் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள்.

கோலத்துக்கு மேற்கில் சொந்தம் தேட வேண்டுமென்றால் நான் சால் லெவிட்டிடம் போவேன். 1968இலிருந்து அவர் சுவர் ஓவியங்களுக்குக் கட்டளை எழுதினார். பெரும்பாலும் வரைந்தது மற்றவர்கள். கண்காட்சி முடிந்தால் சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம், கட்டளை இருக்கும். வேறு ஊரில், வேறு கையில், மறுபடி வரையலாம். கருத்தாக்கக் கலை என்று உலகமே கொண்டாடியது.

‘கோலத்துலயே இருக்கே’ என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கோலத்தில், யார் போட்டதில்? நம் பெண்கள் பத்திரிகைகள் கோலத்துக்குக் கீழே புள்ளிக்கணக்கையும், அனுப்பியவர் பெயரையும் ஊரையும் பல வருஷமாக அச்சடித்து வந்திருக்கின்றன. பழைய இதழ்களை எடுத்து, ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது, அவர் ஆறு கம்பியை எந்த இடத்தில் ஒன்றாக்குகிறார் என்று பார்க்கலாம். ரஸாவைப் பற்றி எழுதிய பக்கங்களில் பத்து அதற்கு ஒதுக்கியிருந்தால்கூடப் போதும்.