பாதி வோல்ட்டேஜில் கிடைக்கும் விடை

டிரான்சிஸ்டர் பெருக்கியின் வெளியீட்டு இம்பிடன்ஸைக் கண்டுபிடிக்கக் கல்லூரிச் சோதனைக்கூடங்களில் சொல்லித்தரப்படும் வழி எளிது. முதலில் பளு இல்லாமல் வெளியீட்டு வோல்ட்டேஜைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு மின்தடையை வேண்டியபடி மாற்றக்கூடிய டிகேட் பாக்ஸை இணைத்து, வோல்ட்டேஜ் சரிபாதியாகும்வரை மின்தடையைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அப்போது பெட்டி காட்டும் எண்தான் விடை. 1923இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியும் 1981இல் தொடங்கிய அரசினர் பொறியியல் கல்லூரியும் இருக்கும் நெல்லை, பாளையங்கோட்டை வட்டாரத்தில் இயற்பியலோ மின்னணுவியலோ படித்த யாருக்கும் இது அந்நியமாக இருக்காது. முறை நல்ல முறை. எந்த நிபந்தனைக்குள் அது நல்லது என்பதைத்தான் நாம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

தாமிரபரணிப் பாசனத்தில் வயலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அடிப்படை விளக்கம் தேவையே இல்லை. லைனின் கடைசிப் போஸ்ட்டில் இணைப்பு இருந்தால், பம்புசெட் மோட்டாரைப் போட்டதும் வீட்டு பல்பு மங்கும். மோட்டார் இழுக்கும் கரண்ட், வழியிலுள்ள கம்பியிலேயே கொஞ்சம் வோல்ட்டேஜைத் தின்றுவிடுகிறது. எத்தனை வோல்ட் இறங்கியது, எத்தனை ஆம்பியர் ஓடியது என்று தெரிந்தால் லைனின் உள்தடை கையில் வந்துவிடும். பெருக்கியிலும் இதே கணக்குதான். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் தெவனின் 1883இல் வெளியிட்ட தேற்றம் இதற்கு அடித்தளம்: நேர்கோட்டு இயல்புள்ள எந்தச் சுற்றையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வோல்ட்டேஜ் மூலமும் அதனோடு தொடரில் ஓர் இம்பிடன்ஸும்தான் தெரியும்.

பாதியில் நிறுத்துவது வெறும் வசதிக்காக என்று பலர் நினைக்கிறார்கள். அதில் கணக்கும் இருக்கிறது. வோல்ட்டேஜைப் படிப்பதில் 2 சதவீதம் பிசகுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதியில் நிறுத்தினால் விடையில் அது ஏறக்குறைய 4 சதவீதமாகும். 10 சதவீதம் மட்டும் இறங்கும்படி இலேசான பளு வைத்தால் அதே பிசகு 20 சதவீதமாகப் பெருகும்; கிட்டத்தட்டச் சமமான இரண்டு எண்களின் வித்தியாசத்தை எடுப்பதன் விலை அது. படிக்கும் பிழை எல்லா இடத்திலும் வோல்ட் கணக்கில் ஒரே அளவென்றால், பாதிதான் பிழை மிகக் குறையும் இடம். பெருக்கியைத் திறக்காமல், உள்ளே என்ன டிரான்சிஸ்டர் என்று தெரியாமலே அளக்கலாம் என்பது இன்னொரு பலம்.

இந்த முறையின் போட்டியாளர் அளவீடே அல்ல, ஓர் ஊகம். பொது உமிழ்ப்பான் பெருக்கி என்றால் ஏற்பானில் மாட்டிய மின்தடைதான் வெளியீட்டு இம்பிடன்ஸ் என்று வைவாவில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பி.சி.107 டிரான்சிஸ்டர் போட்டு, 12 வோல்ட் கொடுத்து, ஏற்பானில் 4.7 கிலோ ஓம், 1 மில்லி ஆம்பியர் என்று அமைத்த சுற்றைப் பார்ப்போம். டிரான்சிஸ்டரின் சொந்த வெளியீட்டுத் தடை, ஜேம்ஸ் ஏர்லி 1952இல் விளக்கிய விளைவால் வருவது. ஏர்லி வோல்ட்டேஜ் 100 வோல்ட் என்று கொண்டால் அது 100 கிலோ ஓம். இரண்டையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 4.5 கிலோ ஓம் வரும். ஊகம் பிசகுவது 5 சதவீதத்துக்கும் கீழே. மின்தடையின் தங்கப் பட்டையே 5 சதவீதம் முன்னே பின்னே என்கிறது. ஆகவே ஊகம் இங்கே குறையற்றது. சிக்கலும் இங்கேதான் முளைக்கிறது. விடை முன்கூட்டியே தெரிந்துவிடுவதால், பெட்டி 4.5 காட்டியதும் ரெக்கார்ட் நோட்டை மூடிவிடுகிறோம். சோதனை அளவீடாக இல்லாமல் ஒப்புதல் வாங்கும் சடங்காகிவிடுகிறது.

சுற்றை உமிழ்ப்பான் பின்தொடரியாக மாற்றினால் குட்டு வெளிப்படும். அதே 1 மில்லி ஆம்பியரில் உமிழ்ப்பானின் உள்தடை 25 ஓம். 600 ஓம் சிக்னல் ஜெனரேட்டரை டிரான்சிஸ்டரின் 200 மடங்குப் பெருக்கம் 3 ஓமாகச் சுருக்கிக் காட்டும். மொத்தம் 28 ஓம். உமிழ்ப்பானிலும் 4.7 கிலோ ஓம் வைத்து, உச்சிக்கு உச்சி 2 வோல்ட் கொடுத்துப் பளுவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 1.3 கிலோ ஓம் அருகிலேயே சி.ஆர்.ஓ. திரையில் அலையின் அடிப்பாகம் அரிவாளால் சீவியதுபோல் தட்டையாகும். பளுவிலிருந்து கரண்டைத் திரும்ப இழுக்க அந்த 1 மில்லி ஆம்பியர் போதவில்லை. சில நூறு ஓமிலேயே வோல்ட்டேஜ் பாதியாகிவிடும். திரையைப் பார்க்காமல் மீட்டரை மட்டும் நம்பியவர், உண்மையைப்போல் பத்து மடங்கு விடையை எழுதிவைப்பார். தெவனின் கணக்குக்கு நேர்கோட்டு இயல்பு வேண்டும். அலை வெட்டுப்பட்ட கணமே அந்த நிபந்தனை முறிந்துவிட்டது. 28 ஓமைப் பாதி முறையில் காண, வெளியீட்டை 10 மில்லி வோல்ட் அளவுக்கு இறக்க வேண்டும். அங்கே இரைச்சல் குறுக்கே வரும்.

பொது உமிழ்ப்பான் சுற்றில் வெளியீட்டுப் பிணைப்பு மின்தேக்கியும் கவனிக்க வேண்டியது. டிகேட் பாக்ஸை அதற்கு முன்னால், நேராக ஏற்பானில் இணைத்தால் டிசி நிலையே இறங்கிவிடும். அப்போது அளப்பது வேறொரு சுற்றை. பின்னால் இணைத்தாலும் அதிர்வெண்ணைப் பார்க்க வேண்டும். 10 மைக்ரோ ஃபாரட், 1 கிலோ ஹெர்ட்ஸ் என்றால் மின்தேக்கியின் இம்பிடன்ஸ் 16 ஓம்தான், விட்டுவிடலாம். 1 மைக்ரோ ஃபாரட், 50 ஹெர்ட்ஸ் என்றால் 3.2 கிலோ ஓம், 4.5 வர வேண்டிய இடத்தில் 5 கிலோ ஓம் வரும்.

சோதனைக்கூடத்துக்கு வெளியே குழப்பம் இன்னும் பெரிது. நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைகளில் தெருநெடுகக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் மைக்செட்காரர்கள் 100 வோல்ட் லைனில் ஓட்டுவார்கள். 20 வாட் குழாய் ஒன்று லைனுக்கு 500 ஓம். ஐந்தைச் சேர்த்தால் 100 ஓம், 100 வாட் ஆம்ப்ளிஃபையருக்குச் சரியான பளு. ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் ஓம் அளவு, அது தாங்கும் பளுவைச் சொல்கிறது. அதன் வெளியீட்டு இம்பிடன்ஸை அல்ல. பின்னூட்டம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் உண்மையான வெளியீட்டு இம்பிடன்ஸ் அந்த அளவைவிட மிகக் குறைவு. கல்லூரியில் கற்ற பாதி முறையை அப்படியே அதில் போட்டுப் பார்ப்பவர், அவுட்புட் டிரான்சிஸ்டரை எரித்துவிட்டுத்தான் ஓய்வார்.

இதற்காக முறையைக் கைவிட வேண்டியதில்லை. ஒரு புள்ளிக்குப் பதிலாக ஆறேழு பளுக்களில் வோல்ட்டேஜைப் படிக்கலாம். வோல்ட்டேஜின் தலைகீழியைப் பளுவின் தலைகீழிக்கு எதிராக வரைந்தால், சுற்று ஒழுங்காக இருக்கும்வரை நேர்கோடு கிடைக்கும். சாய்வை வெட்டுத்துண்டால் வகுத்தால் வெளியீட்டு இம்பிடன்ஸ். அலை வெட்டுப்பட்டால் கோடு வளையும். விடை எங்கே நம்பத்தகாததாகிறது என்பதை மாணவரே வரைபடத்தாளில் கண்டுபிடிப்பார். கூடுதலாகத் தேவைப்படுவது அரைமணி நேரமும் ஒரு வரைபடத்தாளும். மதிப்பெண்ணை விடைக்குத் தராமல், கோடு எந்தப் பளுவில் வளையத் தொடங்கியது, ஏன் வளைந்தது என்ற பதிலுக்குத் தந்தால் இந்தச் சோதனை மறுபடியும் அளவீடாகும்.