உள்ளமும் உடம்பும்: பண்டைச் சீனரும் தமிழரும்

உள்ளம் வேறு, உடம்பு வேறு என்னும் கொள்கை மேனாட்டார்க்கே உரியதென்றும், பண்டைச் சீனர் அவ்விரண்டையும் பிரித்துக் காணாது ஒன்றெனவே கொண்டனரென்றும் அறிஞர் பலர் எழுதிப் போந்தனர். பிரெஞ்சுத் தத்துவ ஞானி டெக்கார்ட்டை (1596–1650) ஒருபுறமும் சீனச் சான்றோரை மறுபுறமும் நிறுத்திக் காட்டுதல் அன்னோர் வழக்கம். கேட்பதற்கு இது கீழைநாட்டாரைப் புகழும் கூற்றாகவே தோன்றும். ஆயின், புகழ்ச்சி என்பதனாலேயே ஒரு கூற்று உண்மையாகிவிடாது. கனடா நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் சிலிங்கர்லாண்ட் இக்கொள்கையை மறுத்துத் தனிநூலே எழுதியுள்ளார். தமிழ் கற்றார்க்கோ இதனைச் சோதித்தறிய மற்றுமோர் உரைகல் உண்டு. அது நம் இலக்கியமேயாம்.

ஒருமைக் கொள்கையினர் முதலிற் காட்டும் சான்று, ‘சின்’ என்னும் சீனச் சொல்லாகும். அச்சொல் மார்பினுள் துடிக்கும் இதயத்தையும் குறிக்கும். நினைக்கும் மனத்தையும் குறிக்கும். ஆகவே சீனர்க்கு மனமும் உடலுறுப்பே என்பர். நம் ‘நெஞ்சு’ என்னும் சொல்லும் அத்தகையதன்றோ? மார்பும் நெஞ்சு; மனமும் நெஞ்சு. எனினும், நெஞ்சில் அடிபட்டது என்பானையும் நெஞ்சு பொறுக்கவில்லை என்பானையும் ஒரே மருத்துவரிடம் அனுப்புவார் எவருமிலர். திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என ஓர் அதிகாரமே உண்டு. அங்குத் தலைவி உரையாடுவது மார்பெலும்போடன்று. சொல் ஒன்றாயிருத்தலால் பொருளும் ஒன்றே எனல் தருக்க நெறிக்குப் பொருந்தாது.

இனிச் சீன நூல்களையே நோக்குவோம். கி.மு. நான்காம் நூற்றாண்டினரான மென்சியஸ், கண்ணும் செவியும் சிந்திப்பன அல்ல, சிந்தித்தல் நெஞ்சின் தொழில் என வரையறுத்தார். அவர்க்குப் பின்வந்த சூன்-சூ, நெஞ்சை உடம்பின் அரசன் என்றார். 1993 ஆம் ஆண்டில் ஹூபே மாகாணத்துக் குவோதியன் என்னுமிடத்துக் கல்லறையொன்றில், ஏறத்தாழ கி.மு. 300 அளவிற்குரிய மூங்கிற் சுவடிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று செவி, கண், மூக்கு, வாய், கை, கால் ஆகிய ஆறும் நெஞ்சின் ஏவலர் என்கிறது. அரசன், ஏவலர் என்னும் உருவகம் வேற்றுமை காணாதார் வாயிற் பிறவாது. நம் தொல்காப்பியமோ மரபியலில் மனத்தை ஆறாம் அறிவாக, ஐம்பொறி அறிவுகளின் வரிசையிலேயே வைத்தெண்ணுகின்றது. மெய்ப்பாட்டியலில் உள்ளத்து நிகழ்வன உடம்பின்கண் வெளிப்படுமாற்றை எண்வகையாக விரிக்கின்றது. வேறெனக் கண்டும் தொடர்பறாது காணும் நெறி அது.

வள்ளுவர் இரு நிலையையும் அறிந்தவர். நிலையாமை அதிகாரத்தில் உயிர் உடம்பை விட்டு நீங்குதலைக் கூடு தனித்திருக்கப் பறவை பறந்து போதலோடு ஒப்பிட்டார். காதற் சிறப்புரைத்தலிலோ, காதலர் இருவரின் நட்பின் செறிவிற்கு உடம்பிற்கும் உயிர்க்கும் இடையேயுள்ள தொடர்பையே உவமையாக்கினார். இரண்டும் முரணல்ல. பிரியக்கூடியவை என்பதனாலன்றோ அவற்றின் நட்பு வியப்பாகின்றது!

ஆகவே, பிரித்தறிந்தனரா என்பதன்று வினா. பிரித்தபின் என் செய்தனர் என்பதே வினா. இங்குத்தான் மென்சியஸின் கூற்றொன்று நம்மை உறுத்துகின்றது. அரசனும் குடிகளோடு சேர்ந்து உழவேண்டும் என்ற சூ-சிங் என்பாரின் கொள்கையை மறுக்குமிடத்து, உள்ளத்தால் உழைப்போர் ஆள்வர், உடல் வலியால் உழைப்போர் ஆளப்படுவர் என்றார் அவர். ஒரு மனிதனுள் இருந்த பிரிவு இங்கு இரு சாதி மனிதரிடையே பிரிவாக மாறிற்று. ஆயின் இதே மென்சியஸ், கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் கண்டால் பதையாதார் எவருமிலர் என்றும், ஞானியரும் நம் இனத்தவரே என்றும் கூறியவர். அவரை மறுக்க அவர் சொற்களே போதும்.

ஊவா மாகாணத்தில் வாழ்வார்க்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. தோட்டத்துச் செக்றோலில் ஒருநாள் உழைப்பிற்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த அளவு கொழுந்து எடையில் குறைந்தால் ‘அரைப்பேர்’. ஆளைக் கையென எண்ணி, அவன் பெயரையே பாதியாக்கும் கணக்கு அது. பசறையிலும் நமுனுகுலைச் சரிவிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் விரல்கள் விரையும் வேகத்தைக் கண்டு, ‘பழகிய கை, தானே பறிக்கின்றது’ என்பாரும் உளர். சுவாங்-சூ நூலில் வரும் சமையற்காரனின் கதையை அவர்கள் கேட்டல் நன்று. பத்தொன்பது ஆண்டு எருது அறுத்தும் அவன் கத்தி மழுங்கவில்லை. கண்ணால் நோக்காமலே அறுப்பவன் அவன். எனினும் எலும்பும் நரம்பும் பின்னிய இடம் வந்ததும் தயங்கி, விழிப்புற்று, மெல்லக் கத்தியைச் செலுத்துவான். திறமை உள்ளமற்ற கை அன்று. கைவழி இயங்கும் உள்ளம். பறிக்கத்தக்கது எது, விடத்தக்கது எது என ஒவ்வொரு கணமும் தேர்வதும் அறிவே.

திருமூலர் வரலாறு இதற்கோர் விளக்கமாகும். கயிலையினின்று வந்த யோகியார், சாத்தனூரில் இறந்துகிடந்த மூலன் என்னும் இடையனைச் சூழ்ந்து பசுக்கள் கதறுதல் கண்டு இரங்கி, அவனுடலிற் புகுந்தார் எனப் பெரியபுராணம் கூறும். பின்னர்த் தம் பழைய உடலைத் தேடிக் காணாராயினார். உடம்பும் உயிரும் வேறென்பதே இக்கதையின் அடிப்படை. ஆயினும் திருமந்திரம் எழுந்தது மாடு மேய்த்தவன் உடம்பிலிருந்தே; நிலைத்து நின்றதும் அவன் பெயரே. உடம்பை முன்னர் இழிவெனக் கருதி, பின்னர் அதனுள் உறுபொருளைக் கண்டு பேணியதாக அவர் மூன்றாந் தந்திரத்திற் கூறுவது இவ்வரலாற்றோடு வைத்துப் படிக்கத்தக்கது.

உள்ளமும் உடம்பும் வேறென அறிதல் குற்றமன்று. அஃது அறிவின் தொடக்கம். ஒருவர்க்கு உள்ளத்தையும் மற்றவர்க்கு உடம்பையும் பங்கிட்டு வழங்குதலே குற்றம். தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்வி எதற்கு என்னும் வினா இன்றும் சிலர் வாயில் எழுதல் அப்பங்கீட்டின் எச்சமே. இடையன் உடம்பினின்று ஒரு திருமுறை பிறக்குமாயின், கொழுந்துக் கூடை சுமந்த தாயின் பிள்ளை எதனைக் கற்க இயலாது? எழுதப்படும் பேர் எதுவாயினும் முழுப்பேராகவே எழுதப்படுக.