சூரியன் இடம் மாறிவிட்டதாம்

கனடாவின் வட கோடியில் நுனாவுட் பகுதி முதியவர்கள் காமிராவைப் பார்த்து நிதானமாகச் சொல்கிறார்கள்: சூரியன் முன்பு மறைந்த இடத்தில் இப்போது மறைவதில்லை. பூமி சாய்ந்துவிட்டது!

'இனுயிட் நாலெட்ஜ் அண்ட் க்ளைமேட் சேஞ்ச்' என்ற 2010-ம் வருஷத்து டாக்குமெண்டரியில் இது வருகிறது. (இனுயிட் என்றால் நாம் பள்ளிக்கூடத்தில் எஸ்கிமோ என்று படித்தவர்கள். அந்தப் பெயர் அவர்களில் பலருக்குப் பிடிக்காது.) எடுத்தவர்கள் இயன் மௌரோவும், 'அடனார்ஜுவாட்' படத்துக்காக 2001-ல் கான் விழாவில் பரிசு வாங்கிய இனுயிட் இயக்குநர் ஸக்கரியாஸ் குனுக்கும்.

பெரிசுகள் கதை விடுகிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். விஞ்ஞானிகளுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பூமியின் அச்சு கண்ணுக்குத் தெரிகிற அளவு சாய்ந்திருந்தால், டெலஸ்கோப்காரர்கள்தான் முதலில் அலறியிருப்பார்கள்.

ஆனால் பார்த்தது வேறு, அதற்குச் சொன்ன காரணம் வேறு. தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் படிந்தால், ஒளி வளைந்து, தொடுவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனையும் மேலே தூக்கிக் காட்டும். 1597 ஜனவரியில் நோவாயா ஸெம்ல்யா தீவில் பனியில் மாட்டிக்கொண்ட டச்சு மாலுமிகள், வரவேண்டிய நாளுக்குச் சுமார் இரண்டு வாரம் முன்பே சூரியனைப் பார்த்தார்கள். ஆர்க்டிக் 1979-லிருந்து உலக சராசரியைப் போல ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. அதில் காற்றடுக்குகள் மாறி, சூரியன் இடம் மாறித் தெரிகிறது என்பது ஒரு விளக்கம். பெரியவர்களின் காரணம் தப்பு; கண் தப்பில்லை.

முதியவர்களைத் தம் மொழியிலேயே பேசவிட்டதுதான் படத்தின் பலம். குறையும் உண்டு. பனிக்கரடிகள் குறையவில்லை, ஆராய்ச்சிக்காரர்கள்தான் அவற்றைத் தொந்தரவு செய்கிறார்கள் என்கிறார்கள். ஆராய்ச்சிக்காரர்களின் பதிலையும் அருகில் வைத்திருந்தால் நமக்கு யோசிக்க வசதியாக இருந்திருக்கும்.

சரி, கொள்கை வகுப்பவர்கள்? 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 7-வது பிரிவு, அறிவியலோடு பழங்குடிகளின் அறிவையும் 'பொருத்தமான இடங்களில்' பயன்படுத்தச் சொல்கிறது. பொருத்தம் பார்ப்பது யார்? ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யும் 2014-ல் இந்த அறிவு சீராகப் பயன்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் அதன் அறிக்கைகள் பெரும்பாலும் அச்சான ஆய்வுகளை வைத்துத் தயாராகின்றன. ஐம்பது வருஷம் பனியில் நடந்தவர் சொன்னது, யாராவது கட்டுரையாக எழுதிய பிறகுதான் மேஜைக்கு வரும்.

பெரியவர்கள் சொல்வதெல்லாம் வேதமில்லை, சோதிக்கலாம். அதற்கு முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டுமே! சுமார் ஒரு மணி நேரப் படம்தான். கிடைத்தால் பாருங்கள்.