தனியாகப் போனவர்

பிரயாண நூல் என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. நாலு பேர் போகாத ஊருக்குப் போய் வந்தவன் திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்னால் யாருக்குத்தான் காது நீளாது? ஆனால் சில காலமாக அந்த ஆசையோடு ஒரு சந்தேகமும் சேர்ந்துகொண்டுவிட்டது. அதற்குக் காரணம் எனக்கு வந்த ஒரு கடிதம்.

மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்து, ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினேன். அதில் ஒரு டீக்கடைக்காரர் வருவார். முகம் கொடுத்துப் பேசமாட்டார், சில்லறையை விட்டெறிவார். "இந்த ஊர் மனிதர்களின் சுபாவமே இப்படித்தானோ?" என்று அந்தப் பாராவை முடித்திருந்தேன். பலர் பாராட்டினார்கள். ஒரு மாதம் கழித்து அந்த ஊர்க்காரர் ஒருவர் எழுதினார்: "ஐயா, நீங்கள் வந்த மூன்று நாளும் அவருடைய மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடையை மூடினால் மருந்துக்குக் காசில்லை என்று திறந்து வைத்திருந்தார். தங்கள் கட்டுரையை யாரோ அவருக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள்."

நாவலில் ஒருவனைக் கோபக்காரன் என்று எழுதினால் கேட்பாரில்லை. அவனைப் படைத்தவனே நான்தான். பிரயாண நூலில் வருகிறவன் அப்படியல்ல. நாம் ரயிலேறி வந்த பிறகும் அவன் அங்கேயே இருக்கிறான். இந்த எண்ணத்தோடுதான் அமெரிக்க நாவலாசிரியர் பால் தெரூ 1988-ல் வெளியிட்ட சீனப் பிரயாண நூலை மறுபடியும் எடுத்துப் படித்தேன். நான் சீன பாஷையில் ஓர் எழுத்தும் அறியாதவன். காலேஜ் படிப்பும் பாதியில் நின்றதுதான். கதை எழுதுகிறவன் என்ற ஒரே உரிமையில்தான் இந்த அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

புத்தகத்தின் பெயர் 'இரும்புச் சேவலில் சவாரி' என்று பொருள்படும். இரும்புச் சேவலிலிருந்து ஓர் இறகைக்கூடப் பிடுங்க முடியாதல்லவா? அதனால் சீன வழக்கில் அது கஞ்சனைக் குறிக்கிறது. எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று நாம் சொல்கிறோமே, அந்த ஜாதி. வடமேற்குக் கோடியிலுள்ள உரும்ச்சி நகருக்குப் போகும் ரயிலுக்கு இந்தச் செல்லப்பெயர்.

அந்தக் காலத்து நிலைமையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1949-க்குப் பிறகு சுமார் முப்பது வருஷம், சீனாவுக்குப் போன வெளிநாட்டார் பெரும்பாலும் சர்க்கார் கைப்பிடித்து அழைத்துப் போன இடங்களைத்தான் பார்த்தார்கள். ஒரு தொழிற்சாலை, ஒரு கூட்டுப் பண்ணை, பாட்டுப் பாடும் குழந்தைகள் நிறைந்த ஒரு பள்ளிக்கூடம். இத்தனைக்கும் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்பார். 1976-ல் மா சே துங் காலமானார். 1978-க்குப் பிறகு கதவு மெல்லத் திறந்தது. 1980-களின் தொடக்கத்தில், குழுவில் சேராமல் தனியாகப் போகிறவர்களுக்கும் ஹாங்காங்கில் விசா கிடைக்க ஆரம்பித்தது. முதுகில் மூட்டையும் கையில் அகராதியுமாக மேல்நாட்டு இளைஞர்கள் கிளம்பினார்கள். வெளிநாட்டாருக்கென்று தனி நோட்டு அச்சிட்டிருந்தார்கள். 1980-ல் வந்த அந்த நோட்டு 1994-ல்தான் ஒழிந்தது. ரயிலில் 'கடின இருக்கை', 'மெத்தைப் படுக்கை' என்று வகுப்புகள். எதைக் கேட்டாலும் 'மே யோ', அதாவது 'இல்லை', என்ற பதில். அந்தக் காலத்தில் போய் வந்தவர்களுக்கெல்லாம் மறக்காத சீன வார்த்தை இதுதான்.

தெரூ 1980-ல் வசதி படைத்த அமெரிக்கர் குழு ஒன்றோடு யாங்ட்ஸி நதியில் படகில் போனவர். ஆறு வருஷம் கழித்துத் தனியாகப் போனார். லண்டனிலிருந்து ரயில் மாறி மாறி ஐரோப்பா, மாஸ்கோ, மங்கோலியா வழியாகப் பீக்கிங் சேர்ந்து, அப்புறம் ஏறக்குறைய ஒரு வருஷ காலம் சீன ரயில்களிலேயே குடியிருந்தார் என்று சொன்னால் தகும். அலுக்காத மனிதர். வட கோடியில் ஹார்பின் பக்கத்து உறைபனியில் அவர் நடுங்கும்போது நமக்கும் போர்வை தேடத் தோன்றுகிறது. டாடுங் நகரத்து நீராவி எஞ்சின் தொழிற்சாலையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் கரிப்புகை மூக்கில் ஏறுகிறது. அந்தத் தொழிற்சாலை நீராவி எஞ்சின் செய்வதை நிறுத்தியதும் புத்தகம் வெளியான அதே 1988-ல்தான். மறைந்துபோக இருந்த ஒன்றை, மறையும் முன் ஒருவர் கண்ணால் பார்த்து எழுதிவைத்தார். பிரயாண நூல் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் இதுவே என்பது என் கருத்து.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் 1966 முதல் 1976 வரையில் நடந்த கலாசாரப் புரட்சியைப் பற்றி விடாமல் கேட்கிறார். வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்ப்பதுபோல் அதே கேள்வி. முதலில் நமக்கு அலுக்கிறது. பத்துப் பேர் பதில் சொன்ன பிறகுதான், ஒரு தேசம் முழுவதும் ஒரே இடத்தில் வலித்துக்கொண்டிருக்கிறது என்று தெரிகிறது. குழுவோடு போயிருந்தால் இது கிடைத்திராது. இது வரையில் அவருக்கு வெற்றி.

ஆனால் அவர் உண்மையில் தனியாகப் போனாரா?

சர்க்கார் ஓர் அதிகாரியை அவரோடு ஒட்டவைத்தது. அவரை ஏமாற்றிவிட்டு நழுவுவதைத் தெரூ வேடிக்கையாக எழுதுகிறார், நாமும் சிரிக்கிறோம். ஆனால் அந்த அதிகாரியைவிடக் கெட்டியான ஒரு துணை அவர் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. சீனர்களின் சிரிப்பு பல வகை என்றும், இந்தச் சிரிப்புக்கு இதுதான் பொருள் என்றும் அவர் வியாக்கியானம் செய்துகொண்டே போகிறார். எத்தனை வேகம்! என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் சிரிப்பது எதனால் என்று பதினைந்து வருஷமாக எனக்கு விளங்கவில்லை. ஒரு வருஷம் ரயிலில் போனவருக்கு ஒரு தேசத்தின் சிரிப்பு முழுவதும் விளங்கிவிட்டதாம். வெளியே இருந்த வழிகாட்டியிடமிருந்து தப்பியவர், உள்ளே இருந்த வழிகாட்டி சொன்னதையெல்லாம் நம்பிவிட்டார்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டு விக்ரம் சேத், நான்ஜிங் சர்வகலாசாலையில் மாணவராயிருந்தபோது, 1981-ல் திபெத், நேபாளம் வழியாக டில்லிக்கு வந்து சேர்ந்தார். பிரயாணத்தில் பெரும் பகுதி லாரிகளில் இடம் கேட்டு ஏறி வந்தது. அந்தப் புத்தகம் 1983-ல் வந்தது. அவருக்குச் சீன பாஷை தெரியும். துருபானில் அவர் 'ஆவாரா' படப் பாட்டைப் பாடப்போய், அதன் தயவில் லாஸாவுக்குப் போக அனுமதி கிடைத்தது. கோல்முட் என்னும் ஊரிலிருந்து லாஸா போகும் மலைப்பாதையில் சேத்தும் போனார், தெரூவும் போனார். ஒரே பாதை, இரண்டு டிரைவர்கள்.

தெரூவின் டிரைவர் அந்த உயரத்தில் தடுமாறி, காரைச் சாலையை விட்டு இறக்கி மோதிவிடுகிறார். பிறகு தெரூவே ஓட்டுகிறார். பிரமாதமான ஹாஸ்யம், கதாசிரியனுக்குப் பொறாமை வரும்படி எழுதியிருக்கிறார். ஆனால் புத்தகத்தை மூடியதும் அந்த டிரைவர் ஒரு கோமாளியாகத்தான் நினைவில் நிற்கிறார். சேத்தின் லாரி டிரைவரோ நாள்கணக்காகக் கூட வந்து, சிகரெட் பிடித்து, சேற்றில் சிக்கி, கடைசியில் நமக்கும் சிநேகிதராகிவிடுகிறார். பாஷை தெரிந்ததனால் மட்டும் வந்த வித்தியாசம் அல்ல இது. சேத் அந்த மனிதரின் தயவில் பிரயாணம் செய்தார். தெரூ காரை அமர்த்திக்கொண்டு போனார். தயவில் போகிறவன் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். கூலி கொடுத்தவன் பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு புத்தகத்துக்கும் உள்ள வேற்றுமை முழுவதும் எனக்கு இதில் அடங்கிவிடுகிறது.

அந்தப் பாதையைப் பார்த்த தெரூ ஒரு ஜோசியமும் சொன்னார். குன்லுன் மலைத்தொடர் குறுக்கே நிற்கும் வரையில் லாஸாவுக்கு ரயில் வரப்போவதே இல்லை என்பது அவர் வாக்கு. ரயிலை உயிராக நேசித்த அந்த மனிதர், ரயில் வராததுதான் திபெத்துக்கு நல்லது என்று மகிழ்ந்தும் கொண்டார். 2006 ஜூலை முதல் தேதி கோல்முட்டிலிருந்து லாஸாவுக்கு ரயில் ஓட ஆரம்பித்தது. 1,142 கிலோமீட்டர் பாதை. டங்லா கணவாயில் 5,072 மீட்டர் உயரத்தில் அது கடக்கிறது. ஜோசியம் பொய்த்ததற்காக நான் அவரைக் கேலி செய்யவில்லை. கண்ணால் கண்டதை எழுதிய இடத்திலெல்லாம் அவர் நிற்கிறார். தீர்ப்புச் சொன்ன இடத்தில் சறுக்குகிறார். சிரிப்புக்குப் பொருள் எழுதியதும், மலைக்குப் பொருள் எழுதியதும் ஒரே அவசரத்தில்தான்.

இந்த அவசரம் மேல்நாட்டார் எல்லோருக்கும் உண்டு என்று சொல்லிவிட முடியாது. பீட்டர் பிளெமிங் என்ற ஆங்கிலேயர் 1934-ல் எழுதிய சீனப் பிரயாண நூலில், ஆரம்பத்திலேயே வாசகரை எச்சரித்துவிடுகிறார்: தனக்கு வயது இருபத்தாறு; சீனாவில் இருந்தது மொத்தம் ஏழு மாதம்; பாஷை தெரியாது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு அவர் என்ன சொன்னாலும் நமக்குக் கோபம் வருவதில்லை. மறு வருஷம் அவரும் எல்லா மையார் என்ற ஸ்விட்ஜர்லாந்துப் பெண்மணியும் சேர்ந்து பீக்கிங்கிலிருந்து காஷ்மீர் வரையில் 3,500 மைல் போனார்கள். அவருக்குச் சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டும். அந்த அம்மாளுக்கோ நின்று நிதானித்துப் போக வேண்டும். ஒரே பிரயாணத்துக்கு இரண்டு புத்தகங்கள் வந்தன. இரண்டையும் படித்தவர்களுக்கு ஒன்று தெரிந்துவிடும்: பிரயாண நூலில் தேசத்தைவிட எழுதியவரின் சுபாவந்தான் அதிகம் தெரிகிறது.

காலின் துப்ரன் என்ற ஆங்கிலேயர், தெரூ போன அதே காலத்தில், சீன பாஷையைக் கற்றுக்கொண்டு போய் 1987-ல் ஒரு நூல் வெளியிட்டார். பெருஞ்சுவரின் மேற்குக் கோடியில், ஜியாயுகுவான் கோட்டையில், அது முடிகிறது. எனக்கு அதில் பிடித்த குணம், தமக்குப் புரியாததைப் புரியவில்லை என்று விட்டுவிடும் தைரியம். தெரூவைப்போல் அவர் நம்மைச் சிரிக்கவைப்பதில்லை. ஆனால் அவரிடம் மனம் விட்டுப் பேசியவர்கள் அந்தப் புத்தகத்தில் மதிப்போடு இருக்கிறார்கள்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2023 டிசம்பரில் பிரான்ஸ், ஜெர்மனி முதலிய நாட்டாரை விசா இல்லாமலே சீனா உள்ளே விட ஆரம்பித்தது. டெலிபோனைத் தட்டினால் பாஷையும் பணமும் வழியும் அதிலேயே வந்துவிடுகின்றன. 'மே யோ' என்று சொல்லும் அந்த ஜன்னல்கூட வேண்டியதில்லை. தனியாகப் போவது சுலபமாகிவிட்டது. ஆனால் தலைக்குள் இருக்கிற துணையை ஊரில் விட்டுவிட்டுப் போவது 1986-ல் இருந்த அளவு கஷ்டமாகத்தான் இன்றும் இருக்கிறது.

தெரூவைப் படியுங்கள். படித்துவிட்டு, கட்டாயம் சேத்தையும் படியுங்கள். ஒருவரிடம் கண் இருக்கிறது. மற்றவரிடம் கண்ணோட்டமும் இருக்கிறது.

என் மலையடிவாரக் கட்டுரையும் இந்தத் தொகுதியில்தான் இருக்கிறது. அச்சுக்குக் கொடுக்கும்போது டீக்கடைப் பாராவை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிப்பது என்னைக் காப்பாற்றிக்கொள்வதாகும். அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, ஊர்க்காரர் எழுதியதை அதன் கீழே சேர்த்திருக்கிறேன். மகள் பிழைத்துவிட்டாளாம். அதையும் சேர்த்திருக்கிறேன்.